பேய்க் கட்டடத்துக்குள் ஓடாமல் இருப்பது எப்படி

பேய் உண்டா இல்லையா என்ற வாதத்துக்குள் நான் போகப்போவதில்லை. பாழடைந்த கட்டடங்களுக்குள் நண்பர்களோடு பல முறை போய் வந்திருக்கிறேன். எங்களில் யாரையும் பேய் அடித்ததில்லை. ஆனால் கணுக்கால் பிசகியவன் உண்டு, உள்ளங்காலில் ஆணி ஏறியவன் உண்டு, நிலைப்படியில் இடித்துக்கொண்டு நெற்றியில் நாலு தையல் போட்டவனும் உண்டு. அடிபட்ட நேரத்தில் மூன்று பேருமே ஓடிக்கொண்டிருந்தார்கள். எங்கோ ஒரு சத்தம் கேட்டது, ஒருவன் "டேய்!" என்றான், மற்றவர்கள் என்ன ஏதென்று பார்க்காமலே கிளம்பிவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது.

அதனால் கீழே சொல்லும் எல்லாமே, இடம் பார்ப்பதிலிருந்து பை கட்டுவதுவரை, ஒரே காரியத்துக்காகத்தான். உள்ளே போன பிறகு யாரும் ஓடக்கூடாது.

முதலில் இடம்

முதல் முறை போகிறவர்கள், சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிற இடத்திலிருந்து தொடங்குவது நல்லது. இதைச் சொன்னால் பலருக்கு முகம் வாடிவிடும். ஆனால் அப்படிப்பட்ட இடங்கள் ஒன்றும் சப்பென்று இருக்காது. பிலடெல்பியாவில் 1829-ல் திறந்து 1971-ல் மூடிய ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறைச்சாலை, இடிந்த அறைகள் இடிந்தபடியே இருக்க, 1994 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. ஜப்பானின் ஹஷிமா தீவில் நிலக்கரிச் சுரங்கத்தை 1974-ல் மூடியதும் மொத்த ஊரும் காலியானது. 2009-லிருந்து அங்கே பயணிகளை விடுகிறார்கள், ஆனால் போட்டுவைத்த பாதையை விட்டு இறங்க முடியாது. ராஜஸ்தானின் பான்கர் கோட்டையைப் பகலில் யாரும் பார்க்கலாம், சூரியன் மறைந்த பின் நுழையக்கூடாது என்று தொல்லியல் துறை பலகையே வைத்திருக்கிறது. இப்படி ஓர் இடத்தை நிதானமாகச் சுற்றி வந்தாலே, நண்பர்களில் யார் பதறுவார், யார் அடங்குவார் என்று தெரிந்துவிடும்.

தனியார் கட்டடம் என்றால் அனுமதி வேண்டும். கதவு திறந்து கிடக்கிறது என்பதற்காக அது யாருக்கும் சொந்தமில்லாத இடம் ஆகிவிடாது. அத்துமீறி நுழைவதைக் குற்றமாகவோ வழக்குக்குரியதாகவோ பார்க்காத நாடு அபூர்வம். உரிமையாளரைக் கண்டுபிடியுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை பேர் என்று எழுதி வாங்குங்கள். கைபேசிச் செய்தியாக இருந்தாலும் போதும். காவலாளி கையில் ஏதோ திணித்துவிட்டு நுழைவது அனுமதி ஆகாது. பிரச்சினை வந்தால் முதலில் வேலை போவது அந்த மனிதருக்குத்தான்.

உரிமையாளர் பேசக் கிடைத்தால் மூன்று கேள்விகள் கேட்டுவிடுங்கள். எந்தப் பகுதி இடிந்திருக்கிறது? கிணறு, தொட்டி, நிலவறை எங்கெங்கே இருக்கின்றன? இரவில் அங்கே யாராவது தங்குகிறார்களா?

சில இடங்கள் எவ்வளவு ஆசை காட்டினாலும் வேண்டாம். கைவிட்ட சுரங்கம், ரசாயனத் தொழிற்சாலை, தீப்பிடித்த கட்டடம், இடிக்க நாள் குறித்த கட்டடம். தீயில் வெந்த கட்டடத்தின் காங்கிரீட்டும் இரும்பும் வெளியே தெரியாமல் வலுவிழந்திருக்கும். மற்ற மூன்றுக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை.

கதையை விசாரியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். பலர் இதைத் தாண்டிக் குதித்து நேரே இரவுக்குப் போய்விடுகிறார்கள், பாதி சுவையை இழந்துவிடுகிறார்கள்.

"அங்கே ஒரு பெண் தூக்குப்போட்டுக்கொண்டாள்" என்பார்கள். எந்த வருடம், எந்த அறை, அவர் பெயர் என்ன என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் மாடி என்பார், இன்னொருவர் கிணறு என்பார், மூன்றாமவர் அது பெண்ணே இல்லை என்பார். பிறகு பழைய செய்தித்தாள்களையும் நிலப் பதிவுகளையும் பாருங்கள், அங்கே வேலை பார்த்த பெரியவர் யாராவது இருந்தால் அவரிடம் பேசுங்கள். கட்டடம் பூட்டியதற்குக் காரணம் பெரும்பாலும் வாரிசுச் சண்டையாகவோ வியாபார நட்டமாகவோ இருக்கும். பூட்டிய பிறகுதான் பேய் குடியேறியிருக்கும்.

கதையில் உங்களுக்குப் பயன்படும் சங்கதியும் ஒளிந்திருக்கும். "பின்பக்கம் போனால் ஏதோ காலைப் பிடித்து இழுக்கும்" என்று ஒரு பாட்டி சொன்னால் சிரிக்காதீர்கள். பின்பக்கம் புல் மூடிய பள்ளம் இருக்கலாம். குழந்தைகளை அந்தப் பக்கம் அண்டவிடாமல் இருக்க யாரோ எப்போதோ சொன்ன வார்த்தையாக இருக்கலாம். பேய் எங்கே என்று சொல்கிறார்களோ அந்த இடத்தை வரைபடத்தில் குறித்துக்கொண்டு, பகலில் போய்க் கீழே பாருங்கள்.

உண்மையிலேயே அங்கே யாராவது இறந்திருந்தால், அந்தக் குடும்பம் பக்கத்திலேயே வசிக்கக்கூடும் என்ற நினைப்பு இருக்கட்டும்.

இன்னொன்று. உங்கள் கூட்டத்தில் ஒருவருக்காவது கதையைச் சொல்லாமல் வையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

யாரை அழைத்துப் போவது

குறைந்தது நான்கு பேர். குகைக்குள் இறங்குகிறவர்களின் கணக்கு இது. ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் அவரோடு இருப்பார், இரண்டு பேர் சேர்ந்து உதவிக்குப் போவார்கள். யாரும் தனியாக ஆகமாட்டார்கள். ஆறு பேருக்கு மேல் போனால் அது கல்யாண வீட்டுக் கூட்டம், எந்தக் காலடிச் சத்தம் யாருடையது என்றே தெரியாது.

குடித்திருப்பவர் வேண்டாம். ஒளிந்துகொண்டு "பே!" என்று கத்துகிற வேடிக்கைக்காரர் கண்டிப்பாக வேண்டாம். இந்த இரண்டாமவரைக் கழற்றிவிடுவதுதான் கஷ்டம், ஏனென்றால் கூட்டத்திலேயே கலகலப்பானவர் அவராகத்தான் இருப்பார். கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள், உள்ளே யாரும் யாரையும் பயமுறுத்தக்கூடாது என்று. நெற்றியில் தையல் போட்டவன் ஓடியது அப்படியொரு வேடிக்கையால்தான்.

வர மனமில்லாதவரை இழுத்துப் போகாதீர்கள். அவருக்கு இதைவிட முக்கியமான வேலை இருக்கிறது. வெளியே, வீட்டில், கைபேசியோடு உட்கார்ந்திருக்கும் ஆள் ஒருவர் வேண்டும். அவரிடம் இடத்தின் வரைபடப் புள்ளி, போகிறவர்களின் பெயர், வண்டி எங்கே நிற்கும், எத்தனை மணிக்குள் வெளியே வந்து பேசுவீர்கள் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். குறித்த நேரம் தாண்டினால் அழைத்துப் பார்ப்பார். அரை மணி நேரம் கடந்தும் பதில் இல்லை என்றால் அவசர எண்ணை அழைப்பார். "இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே" என்று காத்திருக்கக்கூடாது என்பதை அவரிடம் அழுத்திச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், இரண்டு சொற்களைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று "நில்". யார் சொன்னாலும் எல்லோரும் அதே இடத்தில் நிற்க வேண்டும், பாதி தூக்கிய காலைக்கூடப் பின்னால் வைக்க வேண்டும். இன்னொன்று "போதும்". யார் சொன்னாலும் எல்லோரும் வெளியே நடக்க வேண்டும். காரணம் கேட்கக்கூடாது, கேலியும் கூடாது. "போதும்" சொன்னவரை நாலு நாள் ஓட்டினால், அடுத்த முறை சொல்ல வேண்டிய நேரத்தில் அவர் சொல்லமாட்டார். வெளியே நின்றபடியே இரண்டையும் நாலைந்து முறை பழகிப் பாருங்கள். சிரிப்பாக இருக்கும், பரவாயில்லை.

பையும் உடுப்பும்

தடித்த அடிப்பாகமும் கணுக்கால் மூடுவதுமான காலணி, முழுக்கால் சட்டை, முழுக்கை, கையுறை, முடிந்தால் தலைக்கவசம். வெளிச்சத்துக்கு ஆளுக்கு மூன்று விளக்கு. தலையில் மாட்டுவது ஒன்று, கையில் டார்ச் ஒன்று, பையில் மாற்று ஒன்று. கைபேசி விளக்கு இந்தக் கணக்கில் சேராது, கைபேசியின் மின்சாரம் பேசுவதற்கு மட்டும். தண்ணீர், காயத்துக்குக் கட்டும் துணியும் மருந்தும், ஒரு விசில், தாளும் பென்சிலும். மெழுகுவத்தி வேண்டாம், காய்ந்த மரமும் பழைய துணியும் கிடக்கும் இடம் அது.

என்95 முகக்கவசம் அவசியம். வவ்வால் எச்சம் குவிந்த இடத்தில் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை வளரலாம், அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் நோய் வரும். உடைந்த பழைய கூரைத்தகடுகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், அதன் இழைகளுக்கு இந்தக் கவசம் போதாது. அதோடு, முகக்கவசம் தூசியைத்தான் தடுக்கும், விஷவாயுவைத் தடுக்காது. இதை மறந்துவிடாதீர்கள். எச்சம் முழங்கால் அளவுக்குக் குவிந்திருந்தால் முகக்கவசத்தை நம்பி நுழையாமல் திரும்பிவிடுங்கள்.

டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள். பத்து வருடம் தாண்டியிருந்தால் போகும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

பேய் கண்டுபிடிக்கும் கருவி என்று விற்கிற மின்காந்த மானி வாங்கலாமா என்று கேட்பார்கள். உங்கள் கைபேசியைப் பக்கத்தில் கொண்டுபோனாலே அது துள்ளும். அந்தக் காசில் நல்ல காலணி வாங்குங்கள்.

பகலில் ஒரு சுற்று

இரவில் பார்க்கப்போகும் ஒவ்வோர் அடியையும் முதலில் பகலில் பார்த்திருக்க வேண்டும். இதில் விதிவிலக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் வெளியே ஒரு முழுச் சுற்று. சுவர் பிதுங்கியிருக்கிறதா, கூரை நடுவில் தொய்ந்திருக்கிறதா, சுவருக்குள் மரம் வேர்விட்டிருக்கிறதா, தேன்கூடு தொங்குகிறதா. தேன்கூடு இருக்கும் பக்கம் இரவில் டார்ச் அடிக்கவே கூடாது.

உள்ளே போனால் மேலேயும் கீழேயும் மாறி மாறிப் பாருங்கள். கூரைக் காங்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் அந்த அறைக்குள் நிற்க வேண்டாம். மரத்தளம் என்றால், கால் வைத்ததும் அமுங்குகிறதா என்று பாருங்கள். அமுங்கினால் அதோடு சரி, திரும்பிவிடுங்கள். உறுதியாகத் தெரிந்தாலும் அறையின் நடுவில் நடக்காமல் சுவரோரமாக நடப்பது மேல், உத்தரங்கள் சுவரில்தான் தாங்கி நிற்கின்றன. படிக்கட்டில் ஒரு நேரத்தில் ஒருவர். மாடி எனக்கு என்றுமே சந்தேகம்தான். முதல் இரண்டு மூன்று முறை தரைத்தளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கிணறு, கழிவுநீர்த் தொட்டி, நிலவறை, லிஃப்ட் குழி, இவற்றுக்குள் யாரும் எதற்காகவும் இறங்கக்கூடாது. அடியில் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம், ஹைட்ரஜன் சல்பைடு தேங்கியிருக்கலாம். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் தெரிந்துவிடுமே என்பார்கள். அந்த வாயு அதிகமானால் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும், நாற்றம் நின்றுவிட்டது என்று நினைப்போம். இறங்கியவர் மயங்க, தூக்க இறங்கியவரும் மயங்க, மூன்றாமவரும் போவது உலகம் முழுக்கத் திரும்பத் திரும்ப நடக்கிறது. கைபேசி விழுந்துவிட்டதா? போகட்டும்.

தேங்கிய நீரில் கால் வைக்காதீர்கள். ஆழமும் தெரியாது, எலிச் சிறுநீர் கலந்திருந்தால் எலிக்காய்ச்சலும் வரும். கண்ணால் பார்க்காத இடத்துக்குள் கையை விடாதீர்கள். ஒரு குச்சியால் தட்டிக்கொண்டே போனால் பாம்பு இருந்தால் விலகிப்போக வாய்ப்பு உண்டு.

இதையெல்லாம் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். போகக்கூடாத அறைக்குப் பெருக்கல் குறி. வெளியேற இரண்டு வழி. இரவில் உட்காரப்போகும் இடம் தரைத்தளத்தில், வாசலுக்கு அருகில் இருக்கட்டும்.

அன்று இரவே போக வேண்டும் என்றும் இல்லை. பகலில் பார்த்ததே மனசுக்குச் சரியாகப் படவில்லை என்றால் அதோடு முடித்துக்கொள்ளலாம்.

இரவு

வாசலில் நின்று கண்ணைப் பழக்குங்கள். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். அதன்பின் யாராவது ஒருவர் முகத்தில் டார்ச் அடித்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. சிவப்பு விளக்கு என்றால் பாதிப்பு குறைவு. நடக்கும்போது மட்டும் கஞ்சத்தனம் பார்க்காமல் நன்றாக வெளிச்சம் போட்டுக்கொண்டு நடங்கள். அனுபவசாலி முன்னால், எண்ணிக்கை பார்ப்பவர் பின்னால், நடுவில் ஓரிரு அடி இடைவெளி. படம் எடுக்க வேண்டுமா, நின்று எடுங்கள். பூட்டை உடைப்பது, பொருளை நகர்த்துவது, சுவரில் கிறுக்குவது எதுவும் கூடாது.

உட்கார்ந்ததும் விளக்கை அணையுங்கள். இப்போதுதான் வேடிக்கை ஆரம்பிக்கும். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பது நமக்குத் தெரியும், ஆனால் அரளாதவன் கண்ணும் இருட்டில் ஏமாற்றும். தூரத்தில் அசையாமல் இருக்கும் சின்ன ஒளிப்புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருங்கள், அது நகர ஆரம்பிக்கும். உண்மையில் நகரவில்லை, பக்கத்தில் ஒப்பிட எதுவும் இல்லாததால் அப்படித் தோன்றுகிறது. மங்கிய வெளிச்சத்தில் கண்ணாடியை உற்றுப் பார்த்தால் சற்று நேரத்தில் உங்கள் முகம் வேறு யாருடைய முகமாகவோ மாறும். ஜொவான்னி கபூடோ என்ற இத்தாலிய உளவியலாளர் 2010-ல் இதைப் பதிவு செய்தார். படத்தில் மிதக்கும் வெள்ளை உருண்டைகள், லென்ஸுக்கு அருகிலுள்ள தூசி பிளாஷ் வெளிச்சத்தில் மின்னுவது.

காதும் சளைத்ததல்ல. பகலெல்லாம் காய்ந்த தகரக் கூரை இரவில் குளிரும்போது டப் டப்பென்று சத்தமிடும், மாடியில் யாரோ நடப்பதுபோலவே இருக்கும். வெள்ளை முகத்தோடு ஓசையின்றிப் பறந்து வந்து, திடீரென்று கிறீச்சிடும் கூகைக்குப் பாழ்வீடு என்றால் சொந்த வீடு. பழந்தமிழ்ப் புலவர்கள் சுடுகாட்டைப் பாடும்போது அதையும் சேர்த்தே பாடியது சும்மா இல்லை.

காதில் விழாத ஒலியும் உண்டு. விக் டாண்டி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வேலை பார்த்த ஆய்வகத்தில் பேய் இருப்பதாகப் பேச்சு. அவருக்கே உடல் சில்லிட்டு, ஓரக்கண்ணில் சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது. தேடிப் பார்த்தபோது புதிதாகப் பொருத்திய ஒரு காற்றாடி எழுப்பிய, ஏறத்தாழ 19 ஹெர்ட்ஸ் அதிர்வு அகப்பட்டது. மனிதக் காது பொதுவாக 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்காது. இதை அவர் 1998-ல் கட்டுரையாக எழுதினார். எல்லாப் பேய்க்கும் இதுதான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பக்கத்தில் பெரிய இயந்திரம் ஓடுகிறதா என்று பார்த்துவைப்பது நல்லது.

1921-ல் ஓர் அமெரிக்கக் கண் மருத்துவ இதழில் வந்த சம்பவம் இன்னும் உறைக்கும். ஒரு வீட்டில் குடியேறிய குடும்பத்துக்குக் காலடிச் சத்தம் கேட்டது, உருவங்கள் தெரிந்தன, தலைவலி விடவில்லை. வீட்டைச் சூடாக்கும் பழுதான உலையிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுதான் காரணம். ஆகவே உள்ளே நெருப்பு மூட்டாதீர்கள், ஜெனரேட்டர் ஓட்டாதீர்கள். இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் அது "போதும்".

சரி, சத்தம் கேட்டுவிட்டது. இப்போது என்ன செய்வது? "நில்" சொல்லுங்கள். முதலில் வெளிச்சம் உங்கள் காலடியில், பிறகுதான் சத்தம் வந்த பக்கம். பத்து எண்ணுங்கள். ஆள் கணக்கு எடுங்கள். விலங்கு என்றால் வழி விட்டு விலகுங்கள். ஆள் என்றால், புதிதாக விரித்த படுக்கையோ அணையாத பீடியோ கண்ணில் பட்டால், மெதுவாக வெளியேறுங்கள். உங்களுக்குப் பேய் வீடு, அவருக்குத் தலை சாய்க்கும் இடம். ஒன்றுமே புலப்படவில்லையா, பயம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறதா? நடந்தே வெளியே வாருங்கள். கடைசியில் வருபவர் "நாலு பேரும் இருக்கிறோம்" என்று சத்தமாகச் சொல்லட்டும். அந்தக் குரல் கேட்டால் முன்னால் போகிறவர் ஓடமாட்டார்.

பாம்பு கடித்தால் வெட்டுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை அசையவிடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வவ்வாலோ நாயோ கீறியிருந்தால், கீறல் எவ்வளவு சின்னதாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போங்கள்.

வெளியே வந்த பின்

வீட்டில் காத்திருப்பவருக்கு முதல் அழைப்பு. துணிகளை உதறாமல் துவையுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ விடாத இருமலோ வந்தால், இப்படி ஒரு கட்டடத்துக்குள் போனேன் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். படங்களைப் பகிர்ந்தால் இடத்தின் பெயரையும் வழியையும் விட்டுவிடுங்கள். உங்களைப்போலத் தாள் வரைந்துகொண்டு போகாத கூட்டம் பின்னாலேயே கிளம்பும்.

அப்புறம் ஒரு சோதனை. வெளியே வந்ததும் யாரும் யாரிடமும் பேசாமல், ஆளுக்கொரு வரைபடத்தில் எங்கெங்கே ஒருமாதிரி இருந்தது என்று குறிக்க வேண்டும். பேசிவிட்டுக் குறித்தால் பயனில்லை, ஒருவர் நிழல் பார்த்தேன் என்றால் மற்றவர்களும் பார்த்திருப்பார்கள். ரிச்சர்ட் வைஸ்மன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளரும் அவர் குழுவினரும் இங்கிலாந்தின் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையிலும் ஸ்காட்லாந்தில் எடின்பரோவின் நிலத்தடி அறைகளிலும் இதைப் பெரிய அளவில் செய்து 2003-ல் வெளியிட்டார்கள். பேய் இருப்பதாகப் பெயர்வாங்கிய பகுதிகளில்தான் மக்கள் அதிகமாக எதையோ உணர்ந்தார்கள். முன்பே கதை தெரிந்ததால்தான் அப்படி என்று சொல்ல முடியவில்லை. வெளிச்சம், அறையின் அளவு போன்றவற்றோடுதான் அதற்குத் தொடர்பு தெரிந்தது. கதை தெரியாத ஒருவரைக் கூட்டத்தில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

நாங்கள் முதன்முதலில் இதைச் செய்தபோது மூன்று பேர் ஒரே மூலையைக் குறித்திருந்தார்கள், அதில் கதை தெரியாதவனும் ஒருவன். மறுநாள் பகலில் போய்ப் பார்த்தோம். அந்த மூலைக்கு மேலே ஒரு ஜன்னல் கண்ணாடி உடைந்து, சரியாகப் பிடரியில் காற்று விழுந்துகொண்டிருந்தது. நான்காமவன் தாளில் எந்தக் குறியும் இல்லை, ஓரத்தில் "பசி" என்று மட்டும் எழுதியிருந்தான்.